குட்டி பார்த்துக் கொடுத்த கார்

கார் வாங்குவது என்று முடிவானதும் அவளுக்குத் தம்பியைத் தவிர வேறு யாரையும் கேட்கத் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. தம்பி மெக்கானிக். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் அவனுடையது. அம்மா காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள் என்பதால், அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே பாடம் படித்தவள் அவள். அவனுக்குக் காதோரம் நரைத்து, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகும் அவளுக்கு அவன் குட்டிதான். ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களும் அவளிடமிருந்து தொற்றிக்கொண்டு "குட்டியண்ணே" என்றே கூப்பிட்டார்கள்.

அவள் கணவர் நாடக அரங்குகளில் விளக்குப் போடுகிறவர். "லைட்டு" என்றால்தான் அந்த வட்டாரத்தில் ஆள் தெரியும். ஒரு நாள் மேடைக்கு மேலே விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ஏணி சரிந்தது. உயிர் பிழைத்தார், கால்கள் பிழைக்கவில்லை. அதன் பிறகு சக்கர நாற்காலி. ஆஸ்பத்திரிக்குப் போக வாடகை வண்டியைக் கை காட்டினால், நாற்காலியைப் பார்த்ததும் ஓட்டுநர்கள் எங்கோ அவசரமாகப் போவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். ரயில் ஏறிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத நாலு பேர் மூட்டையைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டார்கள். "இனிமே வேண்டாம்மா" என்றார். அவர் முகத்தைப் பார்த்த அன்றே அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டாள். அதற்கப்புறம் வெளியூர்க் கல்யாணம், திருவிழா என்று எத்தனையோ தடவை கிளம்புவதாகச் சொல்லி, கடைசி நேரத்தில் வீட்டோடு நின்றுவிட்டார்கள்.

திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை அவளுக்கு. வாழ்நாள் முழுக்கத் தையல் மிஷின் மிதித்த கால், கிளட்ச்சையும் அப்படியே மிதித்தது. வண்டி துள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து கணவர் சிரிப்பார்: "மெதுவாம்மா, மெதுவா! இதுல துணி ஒண்ணும் ஓடலை."

கார் வெளிர் நீலம். குட்டி அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது தெருவே எட்டிப் பார்த்தது.

"அக்கா, இன்ஜின் வெண்ணெய் மாதிரி. ஒரு டாக்டர் வச்சிருந்த வண்டி. மழை வந்தா வெளியவே எடுக்க மாட்டாராம்."

"நீ சொன்னா சரிடா" என்றாள். பானெட்டைத் திறக்கச் சொல்லக்கூட இல்லை.

அத்தானை நாற்காலியிலிருந்து சீட்டுக்கு நகர்த்துவதற்கு என்று குட்டி ஒரு வழுவழுப்பான பலகையும் செய்து கொண்டுவந்திருந்தான். ஓரங்களையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிலாம்பு ஏறாமல் இருக்கிறதா என்று தன் முழங்கையை வைத்து இழுத்துப் பார்த்தான். அவனுக்கு அவர்கள் மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவளாலும் கடைசிவரை அப்படிச் சொல்ல முடியவில்லை.

முதல் சில வாரங்கள் நன்றாகவே போயின. ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், திரும்பும் வழியில் ஏரிக்கரையில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் தண்ணீரில் வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது சூடு காட்டும் முள் சரசரவென்று மேலே ஏறியது. பானெட்டுக்குள்ளிருந்து ஆவி. பின்னால் ஹாரன் சத்தம்.

"தெர்மோஸ்டாட்டுக்கா. சின்ன சாமான்" என்றான் குட்டி. மாற்றினான். பத்து நாள் தாங்கவில்லை. அப்புறம் ரேடியேட்டரில் அடைப்பு என்றான். அப்புறம் மின்விசிறி என்றான். ஒவ்வொரு முறையும் வண்டி பளபளவென்று கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் முள் மறுபடி சிவப்புக்குப் போனது. பக்கத்து வீட்டம்மா கேலி செய்தாள்: "உங்க வண்டி புது மாப்பிள்ளை மாதிரி. ஒர்க்‌ஷாப்புதான் மாமியார் வீடு. அங்கேயே சாப்பிட்டுத் தூங்குது. இங்க எப்பவாவது வந்து தலையைக் காட்டிட்டுப் போகுது."

கணவர்தான் ஒரு நாள் கேட்டார்: "ஏம்பா குட்டி, தண்ணி குறைஞ்சுக்கிட்டே இருக்கு. கீழ ஒரு சொட்டு ஒழுகலை. அப்ப எங்க போகுது? இன்ஜினே குடிக்குதா?"

குட்டி சிரித்தான். "அத்தான், நீங்க கரண்ட்டைப் பாருங்க. இன்ஜினை நான் பாக்கறேன்."

அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்று படுக்கையை விரிக்கும்போது, வேறு எங்காவது ஒரு தடவை காட்டிப் பார்க்கலாமே என்று கணவர் மெல்ல இழுத்தார். அவளுக்குச் சுருக்கென்றது.

"என் தம்பி கையை விட இன்னொருத்தன் கை உசத்தியா?"

அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். அப்பாவின் தொழிலையே எடுத்துக்கொண்டு தொலைவிலிருந்த பெரிய நகரம் ஒன்றில் நாடகக் குழுவோடு அலைந்துகொண்டிருந்தாள். இத்தனை காலம் யாருக்காவது ஒயர் சுருட்டிக் கொடுப்பதும், விளக்குக்கு வண்ணத்தாள் வெட்டிக் கொடுப்பதும்தான் வேலை. அவள் ஒரு நாள் கூப்பிட்டாள். குரல் மேலும் கீழும் ஏறி இறங்கியது.

"அப்பா, இந்த நாடகத்துக்கு முழு லைட்டும் நான்தான்! ஆனா ஒரே ஒரு நாள்தான் அரங்கம் கிடைச்சிருக்கு. நீங்க வரணும்ப்பா. நீங்க பாக்கலைன்னா நான் போட்டதுக்கு என்ன அர்த்தம்?"

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. தினமும் போனில் இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசினார்கள். "அங்க நீலம் போடாத பாப்பா, முகம் செத்துப்போயிடும்." "கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே வெளிச்சம் வந்துடக் கூடாது. கொஞ்சம் தவிக்க விடு." விழுந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. முடி வெட்டிக்கொண்டார். அலமாரியின் அடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்கச் சொன்னார். தளர்ந்திருந்த தோளில் அது தொங்கியது. அவள் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

அவள் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்த் தம்பியிடம் சொன்னாள். "டேய் குட்டி, இது தூரப் பயணம்டா. காலையில கிளம்பினா சாயங்காலம்தான் போய்ச் சேருவோம். வண்டி தாங்குமா? தாங்காதுன்னா இப்பவே சொல்லிடு."

"வண்டியை விட்டுட்டுப் போக்கா. இன்ஜினைத் திறந்து, மேல இருக்கற ஹெட்டைக் கழட்டி, கேஸ்கெட்டை மாத்தி, பக்காவா பண்ணித் தரேன்."

இரண்டு நாளில் வண்டி வந்தது. "புது இன்ஜின் மாதிரி. முள்ளு நடுவை விட்டு அசையாது பாரு" என்றான். உண்மையிலேயே அசையவில்லை. கடைவீதி வரை ஓட்டிப் பார்த்தாள். மேட்டில் ஏற்றிப் பார்த்தாள். முள் நட்ட நடுவில் நின்றது. சந்தோஷத்தில் தம்பி கன்னத்தைத் தட்டினாள். அவன் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புறப்பட்ட அன்று நல்ல வெயில். நெடுஞ்சாலையில் ஏறியதும் அவளுக்கே தன் மேல் ஒரு மரியாதை வந்தது. "பாருங்க, அசையவே இல்லை" என்று முள்ளைக் காட்டினாள். கணவர் அதைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ம்" என்றார்.

மத்தியானம் தாண்டியதும் வண்டி இழுக்க மறுத்தது. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. சூடான இரும்பும் இனிப்பும் கலந்ததுபோல் ஒரு வாடை. உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ முறிவதுபோல் ஒரே ஒரு பெரிய சத்தம். இன்ஜின் நின்றுவிட்டது. ஓடிய வேகத்திலேயே ஓரம் கட்டினாள். பூட்டிக் கிடந்த ஒரு டயர் கடையின் முன்னால் போய் நின்றது வண்டி. பானெட்டின் இடுக்கெல்லாம் ஆவி.

குட்டியைக் கூப்பிட்டாள்.

"முள்ளு எங்கக்கா நிக்குது?"

"நடுவுலதாண்டா!"

"ஆற விடு. நான் ஆளை அனுப்பறேன்" என்றான். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டபோது போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

சாலையோரப் பலகையில் இருந்த எண்ணைக் கூப்பிட்டதும், பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் லாரி ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் வாட்டசாட்டமான மனிதர், சிடுசிடுப்பான முகம். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார், கையை விட்டுத் தடவினார், உச்சுக் கொட்டினார்.

"கடைசியா என்ன வேலை பாத்தீங்க?"

"ஹெட்டைக் கழட்டி கேஸ்கெட் மாத்தினது."

"யாரு சொன்னா? இந்த போல்ட்டைப் பாருங்க. துரு அப்படியே இருக்கு. இதுல ஸ்பேனர் பட்டு வருஷமாச்சு." பிறகு ஏதோ ஒரு ஒயரை விரலால் தூக்கிக் காட்டினார். "இது சூடு காட்டற ஒயரு. இன்ஜின்லேருந்து வெட்டிட்டு, முள்ளு நடுவுல நிக்கற மாதிரி தனியாக் கட்டி, டேப்பு சுத்தி வச்சிருக்கான். இன்ஜின் வெந்து செத்தாலும் உங்களுக்கு நடுவுலதான் காட்டும். எவன்மா இந்த வேலை பாத்தது? போய் அவன் சட்டையைப் பிடிங்க."

"என் தம்பி" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பானெட்டைச் சத்தமில்லாமல் இறக்கி மூடினார். "சரிம்மா. வெயில்ல நிக்காதீங்க" என்றார்.

லாரியின் உயரத்துக்குக் கணவரால் ஏற முடியாது. தாழ்வான வேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு லாரிக்காரர் போனார். வேன் வந்தாலும் இனி அந்த நகரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் நாடகம் முடிந்திருக்கும். இரண்டு பேருக்கும் அது தெரிந்தது.

மகளே கூப்பிட்டாள். கணவர்தான் பேசினார். "வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது பாப்பா. இல்லை, இல்லை, எங்களுக்கு ஒண்ணுமில்லை. நீ அழாத. இப்ப அழுதா கண்ணு கலங்கி லைட்டு எல்லாம் ரெண்டாத் தெரியும். கை நடுங்குதா? நடுங்கட்டும். முதல் நாள் எனக்கும் நடுங்கிச்சு. போனை அணைச்சு வச்சுட்டு வேலையைப் பாரு."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லாரிகள் போகும்போதெல்லாம் கார் ஒரு குலுங்கு குலுங்கியது. அவள் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆரம்பிச்சிருப்பாங்க" என்றார். "ஒரே அறை. ஒரு வீட்டுல ஒரு நாள் நடக்கற கதை. முதல்ல எல்லாம் இருட்டு. இடது பக்கம் ஜன்னல். இப்ப அதுல வெளிச்சம் வரும். மஞ்சள் இல்லை, பால் மாதிரி. அவசரப்படாம வரும்."

அவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அந்தப் பொம்பளை எழுந்து நடப்பா. வெளிச்சம் அவ பின்னாடி போகக் கூடாது. அவ போற இடத்துல முன்னாடியே காத்துக்கிட்டு இருக்கணும். அதைப் பாப்பாதான் கண்டுபிடிச்சா. நான் சொல்லித் தரலை."

இடையிடையே நிறுத்தி, மனசுக்குள் எண்ணிக்கொண்டு, மறுபடி சொன்னார். இப்ப மத்தியானம். இப்ப மழை இருட்டு. இப்ப அவன் திரும்பி வந்துட்டான், வெளிச்சம் முகத்துல மட்டும். வெள்ளைச் சட்டையில் வியர்வை ஊறியிருந்தது. அவர் கை காற்றில் எதையோ மெல்லத் திருகியது. வேன் வந்து நின்றபோது நாடகத்தில் இன்னும் சாயங்காலம் ஆகவில்லை. மீதியை அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவள் பஸ் ஏறி ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். குட்டி எண்ணெய்க் கையில் சோப்புத்தூளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் குழாயை மூட மறந்தான்.

"ஹெட்டைக் கழட்டினியாடா?"

"அக்கா, முதல்ல உள்ள வந்து உக்காரு..."

"கழட்டினியா?"

"இல்லை."

"அந்த டாக்டர்?"

"டாக்டரும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஏலத்துல எடுத்தேன். ஏற்கனவே வெந்த இன்ஜின். எடுத்த பிறகுதான் தெரிஞ்சுது. வந்தவன் எல்லாம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு ஓடிட்டான். நீதான் ஒரு கேள்வி கேக்கலை." அவன் குரல் உடைந்தது. "உன்னை ஏமாத்தணும்னு இல்லைக்கா. அடுத்த தடவை ஒழுங்காப் பண்ணிடலாம், அடுத்த தடவை பண்ணிடலாம்னு ஒவ்வொரு தடவையும்..."

"தூரம் போறோம், தாங்குமான்னு கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

குழாய்த் தண்ணீர் வாளியிலிருந்து வழிந்து தரையெல்லாம் ஓடியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நீங்க போக மாட்டீங்கன்னு நெனச்சேன்க்கா. எத்தனை தடவை கிளம்பறோம் கிளம்பறோம்னு சொல்லிட்டு விட்டுட்டீங்க. அத்தானை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் எங்க போவீங்க? ஆஸ்பத்திரிக்குப் போக வர இருந்தா போதும்னு நெனச்சேன்."

அவளுக்கு அடிக்கக் கை எழவில்லை. கத்தவும் வரவில்லை. குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் முதலில் வந்த பஸ்ஸை ஏறாமலே விட்டாள். வெந்த இன்ஜினை ஏமாற்றித் தலையில் கட்டியதை அவள் மன்னித்திருப்பாள். தன் தம்பிதானே, ஏதோ நெருக்கடி என்று ஒரு நாள் மறந்தும் இருப்பாள். ஆனால் அவர்கள் ஒவ்வொரு முறையும் புறப்பட முடியாமல் உட்கார்ந்துபோனதை அவன் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறான். ஐயோ பாவம் என்று பார்க்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவனோ அதை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி கடைசியாகச் சொன்னதை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

"முள்ளு விஷயம் எனக்குத் தெரியும்மா" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"கிளம்பின அன்னிக்குக் காலையில நீ சாவி போட்ட உடனே முள்ளு நடுவுக்குப் போச்சு. ஆறிக் கிடந்த இன்ஜின். எப்படிப் போகும்? கரண்ட்டுக்காரன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏங்க சொல்லலை?"

"சொன்னா நீ வண்டியை எடுக்க மாட்ட. உன் தம்பியா நானான்னு நீ நடுவுல நிக்கணும்." தன் முழங்காலையே பார்த்தபடி சொன்னார். "அதை விடு. எனக்குப் போகணும்னு இருந்துச்சு. எப்படியாவது போய்ச் சேந்துடும்னு ஒரு பேராசை. வேற ஒண்ணுமில்லை."

அவள் சமையலறைக்குப் போய் அரிசியைக் களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள். ஒருவன் பொய் சொன்னான். ஒருவர் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு பேருமே அவளை நேசிக்கிறவர்கள்.

அடுத்த வாரம் மகள் வந்தாள். நாடகம் நன்றாக நடந்ததாம். யாரோ பெரியவர் ஒருவர் விளக்குக்காகவே மேடைக்குப் பின்னால் தேடி வந்து கை கொடுத்தாராம். ஒரு குறையும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையை உலர விட்டபடி உட்கார்ந்திருந்தபோதுதான் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பாவோட நாற்காலியைப் போடறதுக்காக, முதல் வரிசையில நடு சீட்டைக் கழட்டச் சொல்லியிருந்தேன்ம்மா. யாரும் செய்யலை, ஸ்பேனர் வாங்கி நானே கழட்டினேன். அப்புறம் அதை மாட்ட நேரமில்லை. நான் லைட்டு போடற இடத்துலேருந்து பாத்தா அந்த ஒரு இடம் மட்டும் காலியாத் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு." கொஞ்சம் பொறுத்து, "அப்பாகிட்ட சொல்லிடாத" என்றாள்.

அவள் தலையாட்டினாள். இப்படி அந்த வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் ஒன்றை வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டி வந்தான். நீல வண்டியை ஓட்டிக்கொண்டே வந்தான். இழுத்துப் போன லாரிக்காரரிடமிருந்து தானே போய் மீட்டு, வேறொரு இன்ஜினைப் பொருத்தியிருந்தான். இந்தத் தடவை எந்தப் பொய்யும் இல்லை என்று அவன் முகமே சொன்னது. இளைத்திருந்தான். கேட்டுக்கு வெளியே சாவியோடு நின்றான்.

"வாங்க" என்றாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தான்.

"என்னைத்தானாக்கா?"

"உள்ள வாங்க. தண்ணி தரேன்."

"அக்கா, அப்படிக் கூப்பிடாதக்கா. அறைஞ்சுடு. செருப்பால அடி. வாங்கன்னு மட்டும் சொல்லாத." நடுத்தெருவில் நின்று அவன் சின்னப்பிள்ளையாக அழுதான். அவளுக்கு அவனை இழுத்து அணைத்துத் தலையைத் துடைத்துவிடத்தான் கை பரபரத்தது. ஆனால் "வாடா" என்ற சொல் எங்கோ போய்விட்டது. தேடிப் பார்த்தாள். வரவில்லை.

"சாவியை நீங்களே வச்சுக்குங்க" என்றாள். "வேற யாருக்காவது குடுங்க. குடுக்கும்போது எல்லாத்தையும் சொல்லிக் குடுங்க."

அவன் தண்ணீருக்கு நிற்கவில்லை. வண்டியில் ஏறிக் கிளப்பினான். தெருமுனை திரும்பும்வரை அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே வந்தபோது கணவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார்.

"சத்தம் சுத்தமா இருந்துச்சு" என்றார். "இன்ஜின் நல்லாப் பண்ணியிருக்கான்."

"ஆமாங்க" என்றாள்.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாற்காலியைப் பார்த்தும் நிறுத்துகிற வாடகை வண்டிக்காரர் ஒருவர் இருப்பதாகப் பக்கத்து வீட்டம்மா சொல்லியிருந்தாள். அந்த எண்ணைக் கேட்டு வரப் புறப்பட்டாள்.